ரத்தம் வருகிற இடத்தில்தான் தேய்க்க வேண்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு 58 வயது. அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, ஆனால் வலி இல்லை. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டார். சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர், "ஒரு தடவை பல்லைக் காட்டிட்டு வாங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ கிளீனிங் செய்தால் பல்லெல்லாம் ஆடிப்போகும் என்கிறார். அப்பாவும் "எங்க தாத்தா செங்கல் பொடியில தேய்ச்சே எண்பது வயசுல முறுக்கு கடிச்சார்" என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மறுக்கிறார். பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம், சுத்தம் செய்யலாமா கூடாதா?

செய்யலாம். செய்தே ஆகவேண்டும். சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பல் பார்க்கிறேன். உங்கள் அப்பா சொல்கிற மூன்றையும், அதாவது ரத்தம் வந்தது, வலி இல்லை, தேய்ப்பதை விட்டுவிட்டேன் என்பதை, இதே வரிசையில் வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் சொல்கிறார்கள்.

முதலில் அந்த ரத்தத்தைப் பார்ப்போம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பல்லின் மேல் கிருமிகள் ஒட்டி வளர்ந்து, பிசுபிசுப்பான ஒரு படலமாகப் படியும். காலையில் நாக்கால் தடவினால் தெரிகிற அந்த வழவழப்புதான் அது. ஈறு ஓரத்தில் அதை அப்படியே விட்டால், ஈறுக்குள் உடம்பு சண்டையைத் தொடங்குகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து, ஈறு சிவந்து, உப்பி, தொட்டாலே கசிகிற அளவுக்கு மெலிந்துவிடும். ரத்தம் வருவது பிரஷ் குத்தியதால் அல்ல, அங்கே ஏற்கெனவே புண் இருப்பதால். தேய்ப்பதை நிறுத்தினால் படலம் கூடும், புண் கூடும், ரத்தமும் கூடும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1965ல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். அதில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்குமே ஈறு வீங்கி ரத்தம் கசிய ஆரம்பித்தது. மறுபடி தேய்க்கச் சொன்னதும் ஒரு வாரம் பத்து நாளில் ஈறு பழையபடி ஆகிவிட்டது. மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்கிற கதை இது. ரத்தம் வருகிற இடத்தில்தான் கூடுதல் கவனமாக, மெதுவாக, மென்மையான பிரஷால் தேய்க்க வேண்டும். முதல் மூன்று நாலு நாள் ரத்தம் வரும், அப்புறம் குறையும். இரண்டு வாரமாகியும் குறையவில்லை என்றால், உள்ளே பிரஷுக்கு எட்டாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பெரும்பாலும் அது காரைதான். சேலத்தில் போர் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு பிடிக்குமே, சுரண்டினாலும் லேசில் வராதே, கிட்டத்தட்ட அதே சங்கதி. எச்சிலில் இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் அந்தப் படலத்தில் இறங்கி, சில நாட்களில் அதைக் கல்லாக்கிவிடுகின்றன. கீழ்வரிசை முன்பல்லின் உள்பக்கம்தான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. கல்லான பிறகு எந்தப் பேஸ்ட்டும் எந்தப் பொடியும் அதை எடுக்காது. அதன் சொரசொரப்பான மேல்பரப்பில் புதுப் படலம் இன்னும் சுகமாக உட்காரும். இப்படியே வருடக்கணக்கில் போனால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பை மாதிரி ஆகி, பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரையத் தொடங்கும். இது எதிலும் வலி கிடையாது. சொத்தைப் பல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும், ஈறு நோய் அப்படி எழுப்பாது. பல் ஆடும்போதுதான் வருவார்கள், அப்போது எலும்பு பாதி போயிருக்கும். போன எலும்பு தானாகத் திரும்பி வளராது.

சரி, தாத்தாவுக்கு வருவோம். அவரை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அதே ஹரால்டு லோவும் கூட்டாளிகளும் 1970ல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து போன தமிழர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பிரஷ் பிடித்துப் பல் தேய்க்கிற பழக்கமில்லாத, பல் டாக்டரையே பார்த்திராத 480 ஆண் தொழிலாளர்களைப் பதினைந்து வருடம் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். எல்லார் பல்லிலும் படலமும் காரையும் இருந்தன, எல்லாருக்கும் ஈறு வீங்கித்தான் இருந்தது. ஆனால் விளைவு ஒரே மாதிரி இல்லை. 100க்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடி, 45 வயதுக்குள் பல் முழுவதும் போய்விட்டது. 81 பேருக்கு மெதுவாக முன்னேறி, அதே வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, எலும்பு கரையவே இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. அவர்களிடம் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சொத்தை வேறு, ஈறு நோய் வேறு, ஒன்று இல்லாவிட்டாலும் இன்னொன்று பல்லைக் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

அப்பாவின் தாத்தா அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். நாற்பது வயதில் பொக்கையான மற்ற தாத்தாக்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அப்பா அந்தப் பதினொன்றில் ஒருவரா என்று ஈறில் ரத்தம் வருவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சர்க்கரை வேறு சேர்ந்திருக்கிறது. செங்கல் பொடி, உமிக்கரி, சாம்பல் எல்லாம் படலத்தை எடுக்கும், மறுக்கவில்லை. கூடவே பல்லையும் தேய்த்து எடுத்துவிடும். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் கோடாலியால் வெட்டின மாதிரி பள்ளம் விழுந்து, பச்சைத் தண்ணீர் பட்டால் துள்ளிக் குதிக்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். வேப்பங்குச்சியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நுனியை நன்றாக மென்று பஞ்சாக்கி, ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கிறவர் சுத்தமாகத்தான் வைத்திருப்பார். ஆனால் முன்பல் நாலைத் தேய்த்துவிட்டுத் துப்புகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது சர்க்கரை. ஈறு நோய் முற்றியவரின் வாயில், பல்லைச் சுற்றி உள்ளே இருக்கிற புண்ணையெல்லாம் விரித்து ஒன்றாக வைத்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய கணக்கை எடுத்தால் ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவு. சர்க்கரைக்காரர் காலில் அந்த அளவுக்குச் சீழ்ப்புண் இருந்தால் வீடே பதறும். வாய்க்குள் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. அந்தப் புண்ணிலிருந்து அழற்சிப் பொருட்கள் நாள் முழுக்க ரத்தத்தில் கலந்து, இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. இன்னொரு பக்கம், சர்க்கரை ஏறினால் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாது, புண் ஆறாது, வாய் உலரும், ஈறு இன்னும் கெடும். செக்குமாடு மாதிரி இது சுற்றிச் சுற்றி வரும். நல்ல செய்தி என்னவென்றால், ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தவர்களுக்கு மூன்று நாலு மாதத்தில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஏறக்குறைய 0.4 குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. 8.5 இருந்தது 8.1 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு கிளீனிங்குக்கும் ஒரு பிரஷுக்கும் இது சின்ன லாபமும் இல்லை. சர்க்கரை டாக்டர் பல்லைக் காட்டச் சொன்னது இதனால்தான்.

இதயத்தைப் பற்றிக் கொஞ்சம் அடக்கித்தான் பேசவேண்டும். ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பு அதிகமாகக் காணப்படுகிறது, உண்மை. ஆனால் புகை, சர்க்கரை, வயது எல்லாம் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். பல் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது விளம்பரம் போட்டால் நம்பாதீர்கள், அது நிரூபிக்கப்படவில்லை. நிச்சயமாகத் தெரிந்தது வேறு ஒன்று. சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்கள், வால்வு மாற்றியவர்கள் இவர்களுக்கு வாயில் இருக்கிற கிருமி ரத்தம் வழியாகப் போய் வால்வில் குடியேறலாம். உயிருக்கே ஆபத்தான நோய் அது. அப்படி யாராவது வீட்டில் இருந்தால், பல்லில் கை வைக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவோம். படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டிமாருக்கும் வாய் சுத்தம் முக்கியம். அவர்கள் வாயில் ஊறுகிற அழுக்கு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் தினமும் வாய் சுத்தம் செய்துவிட்டதில் நிமோனியா குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பல் செட் போட்டிருந்தால் ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 'ஆடிப்போகும்' எங்கிருந்து வந்தது? அதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லை, பத்து வருடக் காரை சிமெண்ட் மாதிரி பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் பல்லின் நிஜ நிலைமை வெளியே தெரியும். இடைவெளி தெரியும், லேசாக ஆடும், வேர் கொஞ்சம் வெளியே தெரிவதால் இரண்டு வாரம் வரை கூச்சம் இருக்கும். பழி கிளீனிங் மேல் விழுகிறது. வீட்டுச் சுவரில் பழைய போஸ்டரைக் கிழித்ததும் தெரிகிற விரிசலைப் போஸ்டர் கிழித்தவனா போட்டான்? மெஷின் செய்வது அதிர்வுதான். நுனி நொடிக்கு இருபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உதிர்க்கும். உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் மேல்பூச்சுதான், முறையாகச் செய்தால் அது கழன்று வராது. சுத்தம் செய்த ஈறு இறுகினால், லேசாக ஆடிய பல் பலருக்குக் கொஞ்சம் கெட்டியாவதையும் பார்த்திருக்கிறேன். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் இந்த வகைதான், அதற்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

தறிக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஷிஃப்டில் ஆறு ஏழு தடவை சர்க்கரை போட்ட டீ. ஒவ்வொரு தடவை இனிப்பு போகும்போதும் கிருமிகள் அமிலம் சுரக்கும், எச்சில் அதைச் சமன்செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் சாப்பிடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன், சேலத்துக்காரனாக இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியுமா? ஆனால் மாவுப் பண்டம் பல் இடுக்கில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். வெல்லம் கரைந்துவிடும், தட்டுவடைத் துணுக்கும் ஜவ்வரிசி வடகமும் ராத்திரி வரை உட்கார்ந்திருக்கும். வாய் கொப்பளித்துவிட்டுத் தறிக்குப் போகச் சொல்லுங்கள். அப்பா பாக்கோ பொட்டலப் புகையிலையோ போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய விஷயம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே வகைப்படுத்திவிட்டது. வாயில் மூன்று விரல் நுழைகிற அளவு திறக்க முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். முடியவில்லை என்றால் கிளீனிங்குக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் முகாம் போடும்போது நான் முதலில் பார்ப்பது பல்லை அல்ல, கன்னத்தின் உள்பக்கத்தைத்தான்.

பழுப்புக் கறை எல்லாம் அழுக்கு என்றும் நினைக்க வேண்டாம். தருமபுரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய நம் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013ல் வந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். பல் உருவாகிற வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் பல்லுக்குள்ளேயே படிந்துவிடும். உப்பும் எலுமிச்சையும் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பல்தான் தேயும். அந்த ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்கு முன்னால் வந்து, "நல்லாத்தான் தேய்க்கிறேன் சார்" என்று கண் கலங்குவார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. அழகுக்காகச் செய்ய வழிகள் இருக்கின்றன, அது தனிக் கதை. இதைப் படித்துவிட்டு ஃப்ளூரைடு பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குடித்து உள்ளே போவது வேறு, பல்லின் மேல் தடவித் துப்புவது வேறு. பின்னது சொத்தையைத் தடுக்கும். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்குவது பேஸ்ட் சீக்கிரம் தீருவதற்குத்தான்.

அப்பா செய்யவேண்டியது அதிகமில்லை. ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், கிருமிக்கு அதுதான் நல்ல நேரம். ஷிஃப்ட் முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, படுக்கும் முன் இரண்டு நிமிடம். பிரஷைப் பல்லுக்கு நேராக வைக்காமல் ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்க வேண்டும். அரம் போட்டு ராவுகிற மாதிரி வேண்டாம். பல் இடுக்கு அகன்றிருந்தால் அதற்கென்று சின்ன பிரஷ் மெடிக்கல் கடையில் கிடைக்கும். தயவுசெய்து ஊக்கு, தீக்குச்சி, நூல்கண்டு ஊசி வேண்டாம். புளிப்பாக ஏதாவது சாப்பிட்டால், மாம்பழ சீசனில் இது ரொம்பவே நடக்கும், உடனே தேய்க்காமல் அரை மணி கழித்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு அவசரம் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்கக் கஷ்டமாக, காய்ச்சலும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. நாக்குக்கு அடியில் சீழ் பரவி மூச்சை அடைத்துவிடும். சர்க்கரைக்காரருக்கு இது மணிக்கணக்கில் முற்றும். வெளியே சூடாக ஒத்தடம் கொடுக்காதீர்கள், கடையில் கேட்டு மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கிற பல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பிரினைத் திணித்து ஈறு வெந்துபோய் வந்தவர்களும் உண்டு.

கிளீனிங்குக்குப் போகிற அன்று வெறும் வயிற்றில் போகவேண்டாம். இட்லி சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு, காலை நேரமாகப் போகட்டும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டும், சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிட்டால் அவராக நிறுத்தக்கூடாது, சொன்னால் போதும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார் என்றால் அதையும் காட்டுங்கள், சிலருக்கு அந்த மாத்திரையாலேயே ஈறு தடித்து வளரும், அவருடைய டாக்டரே வேறு மாத்திரை மாற்றித் தருவார். ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று தடவை வரச்சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், ஈறுக்கு அடியில் இருக்கிற காரையைப் பகுதி பகுதியாகத்தான் எடுக்க முடியும். அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கும் போகலாம், கூட்டம் இருக்கும், சீக்கிரமாகப் போய்விடுங்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த ஹெச்பிஏ1சி எடுத்ததும் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள்.